ஜோசப் ராஜின் படைக்கு ஒரு கூச்சல்

அரூர் உரக்கடையில் பில் போடும் ஜோசப் ராஜை யாரும் தளபதி என்று நினைக்க மாட்டார்கள். யூரியா இல்லை என்று சொல்வதற்கே நாலு முறை எச்சில் விழுங்குகிற மனிதர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பழைய கம்ப்யூட்டரைத் தட்டினால் அவருக்கு ஒரு ராஜ்ஜியமே உண்டு. மரம் வெட்ட ஆள், கல் உடைக்க ஆள், குதிரைப்படை, கோட்டை. எதிரியும் அதே நேரத்தில் இதையெல்லாம் சேர்த்துக்கொண்டிருப்பான். உன் முறை, என் முறை என்கிற மரியாதை கிடையாது. அசந்தால் வந்து கொளுத்திவிடுவான்.

இந்த விளையாட்டுக்குக் காசில்லை. அதோடு, செய்தவர்கள் உள்ளே இருக்கும் நிரலையும் திறந்தே வைத்திருக்கிறார்கள். வேலி போடாத காடு. எந்த ஊர்க்காரரும் நுழைந்து எதையாவது சேர்க்கலாம், திருத்தலாம். ஜோசப் ராஜ் நுழைந்தார். வீரர்கள் தமிழில் பேசினால் என்ன? தெரிந்தவர்களின் குரலைப் போனில் பதிந்து சேர்த்தார். மரம் வெட்டுகிறவனைத் தொட்டால், கடையில் மூட்டை தூக்கும் காளியப்பன் "போறேங்க, போறேங்க" என்றார். வயலுக்கு ஆள் அனுப்பினால் மனைவி ஸ்டெஃபி, "இப்பத்தான உக்காந்தேன்?" என்றாள். நடிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. எதிரி வந்தால் எழுப்ப வேண்டிய கூச்சல். அது இல்லாமல் அடுத்த பதிப்பில் தமிழைச் சேர்க்க மாட்டார்கள். ஜோசப் ராஜ் தானே கத்திப் பார்த்தார்.

"கோயில்ல அறிவிப்பு வாசிக்கிற மாதிரி இருக்குது. எதிரி உக்காந்து காப்பி கேப்பான்," என்றாள் ஸ்டெஃபி.

அடிவயிற்றிலிருந்து கத்தத் தெரிந்தவர் அந்த ஊரில் ஒருவர்தான்: பக்கத்து வீட்டில் இருக்கும் அவருடைய அண்ணன் பிலவேந்திரன். ஆனால் ஸ்டெஃபியின் ஆடு அவருடைய கடலைக்காட்டில் போன வருஷம் மேய்ந்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

பேச்சு இல்லாவிட்டால் போகிறது, கூச்சல் போதுமே. ஒரு காலையில் ஜோசப் ராஜ் ஆட்டை அண்ணனின் கடலைக்காட்டுப் பக்கம் அவிழ்த்துவிட்டு, போனில் பதிவை ஓடவிட்டு, வரப்போரம் பதுங்கினார்.

"டேய்ய்! பூந்துருச்சுடோய்! கல்லெடுங்கடா!"

ஆடு என்ற சொல்லே அதில் இல்லை. ஆண்டவர் கிருபை.

அனுப்பிய மறுநாளே, சரிபார்க்கும் குழுவில் இருந்த போலந்துக்காரப் பெண் எழுதினாள்: பிரமாதம், கேட்டதும் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். மற்ற இருவரின் சம்மதம் இருக்கிறது, இவருடையதைக் காணோமே? அது வராமல் சேர்க்க முடியாது.

இனாமாகக் கொடுக்கிறவர்களைப் போலச் சட்டம் பேசுகிறவர்களை உலகத்தில் பார்க்க முடியாது.

வேறு வழியில்லாமல் ஜோசப் ராஜ் போனோடு பக்கத்து வீட்டுக்குப் போனார். பிலவேந்திரன் வாசலில் கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ண்ணா..."

"யாரு, ஆட்டுக்காரரா?" அவர் நிமிரவில்லை.

ஜோசப் ராஜ் விஷயத்தைச் சொல்லி, கூச்சலைப் போட்டுக் காட்டினார். தன் குரலைக் கேட்டதும் அண்ணன் முகத்தில் ஒரு கர்வம் எட்டிப் பார்த்தது.

"எவ்ளோ குடுப்பாங்க?"

"காசு இல்லிங்கண்ணா. யாரு வேணாலும் சும்மா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், மத்தவங்களுக்கும் குடுக்கலாம்."

"அதத்தான உன் ஆடு பண்ணுது?"

ஜோசப் ராஜ் எச்சில் விழுங்கினார்.

"அது இருக்கட்டும். நான் கத்தப் போறேன்னு உனக்கு எப்படிடா முன்னாடியே தெரியும்? போனத் தயாரா வெச்சிருக்கிற?"

இரண்டாவது எச்சிலுக்குத் தொண்டையில் ஈரமில்லை.

"நாந்தாண்ணா அவுத்து வுட்டேன்."

ஒரு கடலைச்செடி வேரோடு பறந்து வந்து தம்பியின் தோளில் விழுந்தது. கையருகில் கல்லும் இருந்தது. அண்ணன் செடியைத்தான் எடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

"எடுத்துக்க. ஆனா என் பேரு போடணும், ஊரோட. எவன் மாத்துனாலும் பேர மட்டும் எடுக்கக் கூடாது. உன் பேருக்கு மேல இருக்கணும்."

மேலே, கீழே என்பதைத் தவிர மற்றதெல்லாம் அந்த விளையாட்டின் உரிமத்திலேயே இருந்தது. மேலே போடுவதை ஜோசப் ராஜே பார்த்துக்கொண்டார்.

இப்போது எந்த நாட்டில் யார் தமிழைத் தேர்ந்தெடுத்து விளையாடினாலும், கோட்டை வாசலில் எதிரி தெரிந்ததும் பிலவேந்திரன் கல்லெடுக்கச் சொல்கிறார். போன வாரம் ஆடு தானாகவே கயிற்றை அறுத்துக்கொண்டு கடலைக்காட்டுக்குள் போனது.

"டேய் ஜோசப்பு, பூந்துருச்சுடா!"

"அது ஏற்கெனவே எடுத்தாச்சுண்ணா! வேற எதாச்சும் கத்துங்க!"

அண்ணன் வேறு கத்தினார். அதற்கு மட்டும் ஜோசப் ராஜ் சம்மதம் கேட்கவில்லை.