மெக்கானிக் துரை

நான் முதன்முதலாகச் செய்த மொழிபெயர்ப்பே தப்பாகப் போனது. ஒன்பது வயசு என்பதைத் தவிர வேறு சாக்கு எனக்கு இல்லை. அந்த ஒரு தப்பை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பினாங்குக் கடைத்தெருவில் அப்பாவுக்கு மொத்த வியாபாரம். வெங்காயம், மிளகாய், பருப்பு, முந்திரி. கீழே கடை, மேலே வீடு. மிளகாய் மூட்டை பிரிக்கிற நாளில் மாடியில் இருக்கிற நாங்களும் சேர்ந்து தும்முவோம். அப்பாவுக்குத் தமிழ் எழுத்து முத்து முத்தாக வரும். மலாயும் ஹொக்கியன் சீனமும் சரளமாகப் பேசுவார். ஆங்கிலம் மட்டும் ஏறவில்லை. அதற்காகத்தான் அண்ணனை இங்கிலீஷ் பள்ளியில் போட்டார். பிறகு என்னையும் கான்வென்டில் போட்டதற்கு அண்ணனேதான் காரணம். ஒரு தடவை அவன் தன்னுடைய தேர்ச்சி அட்டையைத் தானே படித்துக் காட்டி, வாத்தியார் ‘வெரி புவர்’ என்று எழுதியிருந்ததை ‘வெகு பொறுமைசாலி’ என்று சொல்லிவிட்டான். அப்பா அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. இனி அவன் பேருக்கு வரும் எந்தக் காகிதத்தையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும் என்று அப்பா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

அண்ணனுக்குப் பதினாறு நடக்கும்போது அரசாங்க முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. முப்பதுகளில் தொழில் பழக்குவதற்கென்று அரசாங்கம் ஒரு பள்ளி திறந்து பையன்களைச் சேர்த்துக்கொண்டிருந்த சமயம். வீட்டில் யாரிடமும் மூச்சு விடாமல் அண்ணன் அதற்கு விண்ணப்பம் போட்டிருந்தான். அப்பா என்னைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, படி என்றார். மேலே ‘டிரேட் ஸ்கூல்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. டிரேட் என்ற சொல் எங்கள் வாசகப் புத்தகத்தில் இருந்தது. பக்கத்தில் இரண்டு கப்பல், கரையில் மூட்டைகள், கைகுலுக்கும் இரண்டு பேர். நான் கொஞ்சமும் தயங்காமல், “வியாபாரப் பள்ளிக்கூடம் அப்பா,” என்றேன்.

அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! வெள்ளைக்காரன் வியாபாரத்துக்கே பள்ளிக்கூடம் கட்டிவிட்டானாம், தான் மட்டும் வெங்காயத்தைத் தடவிப் பார்த்தே கிழவனாகிவிட்டாராம். கடையில் இருந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிவிட்டு, மேலே படி என்றார். அடுத்த வரியில் ‘மெக்கானிக்’ என்று ஒரு சொல் வந்து இடறியது. எந்தப் பாடத்திலும் அதை நான் பார்த்ததில்லை. நான் எழுத்துக்கூட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்த அண்ணன் முந்திக்கொண்டான்.

“அது பெரிய வாத்தியாரு பேருலா,” என்றான்.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. ‘மெக்’ என்று தொடங்கும் பெயருள்ள துரைமார் அந்தக் காலத்துப் பினாங்கில் தடுக்கி விழுகிற இடமெல்லாம் இருந்தார்கள். ஆகவே, மெக்கானிக் துரையிடம் மூன்று வருஷம் வியாபாரம் படிக்க அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கடிதத்தை முடித்து வைத்தேன். அந்த வருஷமே கடையில் உட்கார வைக்கவேண்டும் என்று அப்பா நினைத்திருந்த பிள்ளை. மூன்று வருஷம் பொறுத்தால் படித்த வியாபாரியாக உட்காருவான் என்றால் யாருக்குக் கசக்கும்? அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டார்.

பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா அன்றைய பாடத்தைக் கேட்பார்.

“டைமிங் சொல்லிக் குடுத்தாங்கப்பா. அது ஒரு மயிரிழை தப்பினா எல்லாம் போச்சு.”

“அதான்டா வியாபாரமே! எப்ப வாங்குறது, எப்ப கைய விடுறது,” என்று அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டுவார்.

இன்னொரு நாள், எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கும் பாடம். ஒழுகுவது தெரியாமல்தான் இந்தத் தெருவில் எத்தனையோ கடைகளை இழுத்து மூடினார்கள் என்று அப்பா அம்மாவிடம் ஒரு கதையே சொன்னார். விசேஷம் என்னவென்றால் அண்ணன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. டைமிங் என்ஜினுடையது, ஒழுகியது ரேடியேட்டர். அம்மாதான் ஒரு நாள் அவன் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, ஏன்டா உன் மேல் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது என்று கேட்டாள். மெக்கானிக் துரை பகலிலும் விளக்கு வைத்துத்தான் பாடம் எடுப்பார் என்று சமாளித்தான். தீபாவளிக்கு அப்பா தன் கையாலேயே பொறுக்கியெடுத்த முந்திரியைப் பொட்டலம் கட்டித் துரைக்குக் கொடுத்தனுப்பினார். துரை ரொம்ப ருசித்துச் சாப்பிட்டதாக அண்ணன் வந்து சொன்னான். கூடப் படித்த பன்னிரண்டு பையன்கள் சாப்பிட்டிருக்கிறார்கள், பாவம் அப்பா.

எனக்கு விஷயம் தெரிந்தது அந்தத் தீபாவளி கழிந்துதான். கான்வென்டிலிருந்து ரிக்‌ஷாவில் வந்துகொண்டிருந்தேன். சூலியா தெருவில், நீல உடுப்பு முழுக்க எண்ணெய்க் கறையோடு ஒரு பையன் சாப்பாட்டுக் கடைக்குள் நுழையப் போனான். நடையைப் பார்த்தால் எங்கள் அண்ணன்! “அண்ணே, எந்தச் சாக்கடையில விழுந்தே?” என்று தெருவே திரும்பும்படி கத்தினேன். அவன் ஓடி வந்து என்னை இறக்கினான். அது அவனுடைய முஸ்லிம் கூட்டாளியின் அத்தா வைத்திருந்த கடை. பின்கட்டில் உடுப்பு மாற்றிக்கொண்டுதான் தினமும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். எனக்கு ஒரு ஐஸ் உருண்டை வாங்கிச் சிவப்புப் பாகு ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். டிரேட் என்றால் கைத்தொழிலும்தானாம். அந்தப் பள்ளியில் அவன் மோட்டார் வேலை படிக்கிறானாம்.

“அப்ப மெக்கானிக் துரை?”

“துரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மெக்கானிக்குன்னா நாந்தான். பாஸாகி வந்ததும் சொல்லு, அப்ப நாந்தான்.”

அதைச் சொல்லும்போது அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். செத்துக் கிடக்கிற காடி மறுபடி உறுமும்போது தன் உடம்பெல்லாம் சிலிர்க்கிறது என்றான். எங்கள் ஊரில் மோட்டார் காருக்குக் காடி என்றுதான் சொல்வோம். கடையில் உட்கார்ந்து வெங்காயம் நிறுக்க முடியாது, உயிர் போய்விடும் என்றான். மூன்று வருஷத்தையும் முடித்து, சர்ட்டிபிகேட்டை அப்பா கையில் கொடுத்துவிட்டு உண்மையைச் சொல்வான். அதற்குப் பிறகு அவர் அடித்தாலும் வாங்கிக்கொள்வான். அதுவரைக்கும் நான் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் மறுநாளே கல்லாவில் உட்கார வேண்டியதுதான், பள்ளியும் போச்சு, சர்ட்டிபிகேட்டும் போச்சு. நான் சத்தியம் செய்தேன். வாரத்துக்கு ஒரு ஐஸ் உருண்டை என்றும் பேசிக்கொண்டேன். சும்மா சொல்லக் கூடாது, ஒரு வாரம்கூட அவன் தவறவில்லை.

இரண்டு வருஷம் முடிந்து ஒரு வருஷம் பாக்கியிருந்த சமயத்தில் ஈப்போவிலிருந்து ஒரு பெரிய முதலாளி வந்தார். சொந்தக் காடி, அதற்கு ஒரு மலாய்க்கார டிரைவர். அவருடைய சரக்குக்குப் பினாங்கில் அப்பாவை ஏஜெண்டாகப் போடலாம் என்று பேச்சு. காப்பி கொண்டுபோய் வைத்தது நான்தான். அப்பா அன்று ஒரே உற்சாகத்தில் இருந்தார்.

“எம்மவன் வெள்ளைக்காரன் பள்ளிக்கூடத்துல வியாபாரம் படிக்கிறான் முதலாளி. அடுத்த வருஷம் கடைய அவன் கையில குடுத்துட்டு நான் சும்மா உக்காந்துக்குவேன்.”

குடுத்து வைத்தவர் என்று முதலாளி மெச்சிக்கொண்டு எழுந்தார். வெளியே வந்தால் காடி கிளம்பவில்லை. டிரைவர் முன்னால் கம்பியை விட்டுச் சுழற்றோ சுழற்றென்று சுழற்றினார். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். கடைசியில், “தா போலே, தவுக்கே,” முடியாது முதலாளி, என்று கையை விரித்துவிட்டார். கடை முன்னால் ஐந்தடியில், அதாவது எங்கள் ஊர்க் கடைகளுக்கு முன்னால் கூரை போட்டு ஓடும் நடைபாதையில், அதற்குள் ஒரு கூட்டம் கூடிவிட்டது.

“சரி, மெக்கானிக்கைத்தான் கூப்பிடணும்,” என்றார் முதலாளி.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. “மெக்கானிக் துரைய உங்களுக்கும் தெரியுமா முதலாளி?”

முதலாளி விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “துரையா? நல்லா இருக்கே! மெக்கானிக்குன்னா காடி ரிப்பேர் பாக்குறவன் அண்ணே, பட்டறைக்காரன்!”

கூட்டமும் சிரித்தது. அப்பாவும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எங்கள் அப்பாவைப் பார்த்துத் தெருவே சிரிக்கிறது, அந்தச் சிரிப்பை நிறுத்தக்கூடிய ஆள் கையில் புத்தகத்தோடு பத்தடி தூரத்தில் வந்துகொண்டிருக்கிறான். சத்தியமாவது மண்ணாவது! “அண்ணே, ஓடி வா! இந்தக் காடிய நீ பாரு!” என்று கூவினேன்.

ரிக்‌ஷாக்காரரையும் தயிர் விற்பவரையும்கூட எங்கள் ஊரில் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அதனால் முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கியது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார், அவன் கைகளைப் பார்த்தார். அண்ணன் ஒன்றும் தெரியாதவன் போல மாடி ஏறிப் போயிருக்கலாம். ஆனால் மூடி திறந்து கிடக்கிற என்ஜினைக் கண்டுவிட்டு அப்படியே நடந்துபோக அவனால் முடியாது. புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தான். பெட்ரோல் வருகிற குழாயைக் கழற்றி, வாயை வைத்து ஊதி, அடைத்திருந்த அழுக்கை வெளியே தள்ளி, பெட்ரோலைத் துப்பிவிட்டு மறுபடி மாட்டினான். டிரைவர் ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றினார். தெரு அதிரும்படி உறுமிக்கொண்டு காடி உயிர் பெற்றது. கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன், எல்லோரையும்விடச் சத்தமாக.

அவன் மூடிக்குள் குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தபோது முதலாளி அப்பாவிடம், “பலே கெட்டிக்காரனா இருக்கானே! யாரு அண்ணே இந்தப் பையன்?” என்று கேட்டார். அப்பா பதில் சொன்னார். என்ஜின் சத்தத்தில் அது அண்ணனுக்குக் கேட்கவில்லை. அப்பாவின் வேட்டியை ஒட்டி நின்ற எனக்குக் கேட்டது.

காடி போனதும் அப்பா கடைக்குள் போய்விட்டார். அன்றைக்கும் மறுநாளும் அவர் அண்ணனை ஒரு சொல் சொல்லவில்லை. அந்த வாரக் கடைசியில் அண்ணன் ஒரு பையோடு படகேறி அக்கரைக்குப் போய்விட்டான். சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லாரிகளுக்கு ஆள் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். பள்ளிக்கும் அதோடு முழுக்கு. சர்ட்டிபிகேட் இல்லாததால் கடைசிவரைக்கும் கையாளாகவே இருந்தான். இவனுக்குப் பிறகு படித்து வந்த பொடியன்கள் காகிதத்தைக் காட்டிவிட்டு இவனுக்கே உத்தரவு போட்டார்களாம். கண்ணுக்கு எட்டும் தூரம்தான், ஆனால் அப்பா செத்துப் போன அன்றுதான் அவன் திரும்ப எங்கள் மாடிப்படி ஏறினான்.

அப்பா என்ன கெட்டவரா? இல்லவே இல்லை. ஒரு வருஷம்தானே, படித்து முடிக்கட்டும் என்று அந்த வாரமே அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அதை அவனிடம் சொல்லத்தான் நாள் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் போன பிறகு கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், “எம்மவன் மோட்டார் மெக்கானிக்கு,” என்று கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் ஒரு சொல்லு திட்டலையே, கை நீட்டலையே, ஏன் போனான்?” என்பார். என்னிடமும் எத்தனையோ தடவை கேட்டார். தெரியாது என்றேன். முதலில் எனக்கு நிஜமாகவே தெரியாது. வளர்ந்து பெரியவளாகித் தெரிந்துகொண்டபோது சொல்ல வாய் வரவில்லை.

நடந்தது இதுதான். காடி போன கையோடு நான் மாடிக்கு ஓடினேன். அண்ணன் கட்டில் ஓரத்தில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டான். அவன் பயத்தைப் போக்கும் செய்தி என்னிடம் இருந்தது. அதை முதலில் சொல்வது நான்தான் என்ற பெருமை வேறு.

“பயப்படாதண்ணே! அப்பா உன்னைக் காட்டிக் குடுக்கவே இல்ல. அந்த ஈப்போக்காரரு இந்தப் பையன் யாருன்னு கேட்டாரு. அப்பா, ‘தெரிஞ்ச பையன்’னு சொல்லிட்டாரு!”

“எப்படிச் சொன்னாரு?”

நான் அப்பாவைப் போலவே நிமிர்ந்து நின்று, புறங்கையை லேசாக வீசி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “தெரிஞ்ச பையன்,” என்றேன்.

“இன்னொரு வாட்டி சொல்லு.”

சொன்னேன். இந்தத் தடவை குரல்கூட அப்படியே வந்துவிட்டது. அண்ணன் சிரிக்கப்போகிறான் என்று அவன் முகத்தையே பார்த்தேன். என் நடிப்பு அவனுக்குப் பிடித்துப்போய்த்தான் திரும்பக் கேட்டிருக்கிறான் என்று நினைத்து, கேட்காமலேயே மூன்றாவது தடவையும் செய்து காட்டினேன்.