ஆதிலட்சுமியின் இடது காது

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் அருணகிரியின் காதைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. பழைய இசைத்தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதிலிருக்கும் கரகரப்பையெல்லாம் எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேசட்டில் பதிந்து கொடுப்பான். தேரடித் தெருவில் கடை. வேலூரிலிருந்துகூடத் தட்டுகளைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்தார்கள். "பாம்புக் காதுய்யா உனக்கு" என்பார்கள். அவனும் தலையை ஆட்டி ஏற்றுக்கொள்வான். வெட்கம் என்பது அவனுக்குப் பழக்கமில்லாத சமாச்சாரம்.

உண்மையில் அவனுக்கு டமாரம் அடித்தால் கேட்கும், அவ்வளவுதான். பாம்புக் காது அவன் மனைவி ஆதிலட்சுமிக்கு.

கடைக்குப் பின்னாலேயே வீடு, நடுவில் ஒரு திரை. கல்யாணமான புதிதில் ஒருநாள் அவன் ஒரு தட்டை டேப்பில் ஏற்றிக்கொண்டிருந்தான். உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், "ரெண்டாவது அடி முடியற எடத்துல டக்குனு ஒண்ணு வருதே, அதுவும் பாட்டுதானா?" என்று கேட்டாள். மூன்று தடவை போட்டும் அவனுக்கு அகப்படவில்லை. ஆனால் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நகம் பட்டதுபோல ஒரு கீறல் இருந்தது. அன்றைக்கே கீரைத் தட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, மெஷினைத் திரைக்கு உள்ளே நகர்த்தி, அவளை அதன் முன்னால் உட்கார வைத்தான்.

வேலை லேசுப்பட்டதல்ல. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் இசைத்தட்டைத் துடைத்து, ஓடவிட்டு, பெரிய ஸ்பூல் டேப்பில் பதிய வேண்டும். பிறகு ஸ்பூலைக் கையாலேயே முன்னும் பின்னும் மெல்ல உருட்டி, 'டக்' விழும் இடத்தைக் காதால் பிடிக்க வேண்டும். அங்கே மஞ்சள் பென்சிலால் கோடு போட்டு, நெல்மணி அளவுத் துண்டைப் பாதி பிளேடால் வெட்டியெடுத்து, இரண்டு முனைகளையும் ஒட்ட வேண்டும். கொஞ்சம் கூடுதலாக வெட்டினால் பாடுகிறவருக்கு விக்கல் வந்ததுபோல ஆகிவிடும். ஒரு பாட்டுக்கு நூறு துண்டுகள்கூட விழும். மத்தியானம் கோயில் நடை சாத்தி, மணியும் ஒலிபெருக்கியும் ஓய்ந்த பிறகு ஆதிலட்சுமி உட்காருவாள். ஏழு வருஷத்தில் ஒரு மத்தியானம்கூட அவள் தலை சாய்த்துப் படுத்ததில்லை.

வேலை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஒரே ஒரு ஆசை: யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, "இது நீ செய்ததா?" என்று கேட்க வேண்டும். புடவை கேட்டிருந்தால் அருணகிரி வாங்கித் தந்திருப்பான். இதை மட்டும் தர மாட்டான்.

எண்பத்து நாலு தை மாதம், மெட்ராஸிலிருந்து ராஜமாணிக்கம் என்பவர் காரில் வந்தார். நாதஸ்வர இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர். பார்க்கலாம் என்று முன்பே ஒரு தட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். முடிந்த கேசட்டைக் கண்ணை மூடிக் கேட்டார்.

"பிரமாதம். கடைசியில ஒரே ஒரு சத்தம்தான் விட்டுப்போச்சு."

"அது தவில் சத்தம் சார்" என்று கூசாமல் அடித்துவிட்டான் அருணகிரி.

காப்பி கொண்டுவந்த ஆதிலட்சுமியால் வாயை அடக்க முடியவில்லை. "இல்லீங்க, கீறல்தான். நான்தான் விட்டு வெச்சேன். வாசிக்கறவரு மூச்சு வாங்கற எடம் அது. வெட்டினா மூச்சும் போயிடும்."

ராஜமாணிக்கம் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அருணகிரி பெரிதாகச் சிரித்தான். "பிளேடு எடுத்துக் குடுக்கறவ சார். நான் சொன்னத அப்படியே ஒப்பிக்கறா."

அவர் மேலும் நாற்பது தட்டுகளை இறக்கி வைத்துவிட்டுப் போனார். கார் தெருமுனை திரும்பியதும் விழுந்தது அடி. உள்ளங்கை முழுசாக, இடது காதின் மேல்.

"நானாம், நான்! யார் முன்னாடி என்னா பேசற?"

ஆதிலட்சுமி அழவில்லை. எழுந்து நேராக மெஷினிடம் போனாள். பாட்டு முடிந்தபின் முள் வெறுமனே உரசுகிற சத்தம் கேட்டது. நிறுத்த மறந்துவிட்டோம் என்று நினைத்தாள். முள் அதன் தாங்கியில்தான் இருந்தது. சுவிட்சும் அணைந்திருந்தது. காதோரம் துடைத்த முந்தானையில் ஒரு பொட்டு ரத்தம்.

அந்தச் சத்தம் பிறகு நிற்கவே இல்லை. இடது காதில் வேறு எதுவும் கேட்கவும் இல்லை. மூன்றாம் நாள் சொன்னாள்.

"இந்தக் காது கேக்கலீங்க. உள்ள ஒரே இரைச்சலா இருக்குது."

"இன்னொண்ணு இருக்குதில்ல? அதுல கேளு."

பாவி! தான் தின்கிற சோற்றுப் பானையைத் தன் கையாலேயே உடைத்துவிட்டு, ஓடு மீதி இருக்கிறதே என்கிறான்.

வலது காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்துக் கேட்டுப் பார்த்தாள். டேப்பில் இருப்பது எது, தலைக்குள் இருப்பது எது என்று பிரிக்க முடியவில்லை. சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் கோடு போட்டு வெட்டினாள். "முடியல, திருப்பிக் குடுத்துடுங்க" என்று ஒருநாள் கெஞ்சினாள். "மெட்ராஸ்காரர்கிட்ட என் மானத்த வாங்கப் பாக்கறியா?" என்று கையை ஓங்கினான். அவள் வலது காதைப் பொத்திக்கொண்டாள்.

ஆவணியில் ராஜமாணிக்கம் வந்தார். பெருமையடித்துக்கொள்ள வசதியாக, பழைய வாடிக்கைக்காரர் ரியாசுதீன் பாயையும் இன்னும் நாலு பேரையும் அருணகிரி கூட்டி வைத்திருந்தான். கடைசித் தட்டின் வேலை மட்டும் பாக்கி. வெளியே தலைகாட்டக் கூடாது என்று ஆதிலட்சுமிக்கு உத்தரவு.

கேசட் ஓடியது. கீறல்கள் பொரி பொரிவதுபோலப் படபடத்தன. நாதஸ்வரமோ நாலு அடிக்கு ஒருமுறை இடறி விழுந்தது. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அருணகிரி கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

"எப்படி சார்? பளிங்கு மாதிரி இல்ல?"

ரியாசுதீன் பாய்தான் வாயைத் திறந்தார். "அருணகிரி, மெய்யாலுமே உனக்கு இது கேக்கலியாப்பா?"

தாளம் நின்றது. ராஜமாணிக்கத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. எழுந்துபோய்த் திரையை விலக்கினார். உள்ளே ஆதிலட்சுமி வலது காதை ஸ்பீக்கரில் வைத்துக் குனிந்திருந்தாள். அவளுக்கு இடப்பக்கமாக நின்று, தணிந்த குரலில், மரியாதையாகக் கேட்டார்.

"அம்மா, அந்த மொதல் தட்டு நீங்க செஞ்சதுதானே?"

ஏழு வருஷமாக அவள் காத்திருந்த கேள்வி. அவள் தலை நிமிரவில்லை. பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.

ஏன் என்று அங்கிருந்தவர்களில் ஒருவனுக்குத்தான் தெரியும். தோளைத் தொட்டுத் திருப்பியிருந்தால் போதும். பின்னாலேயே வந்து நின்ற அருணகிரி, "அவளுக்கு இதெல்லாம் என்னாங்க தெரியும்? மெஷின் கெட்டுப்போச்சு சார், அதான்" என்றான்.

பதில் சொல்ல விருப்பமில்லாதவளை வற்புறுத்துவானேன் என்று ராஜமாணிக்கம் நினைத்திருக்க வேண்டும். இசைத்தட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மற்றவர்களும் செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

திரை ஆடுவதைப் பார்த்துத்தான் யாரோ வந்து போனது ஆதிலட்சுமிக்குத் தெரிந்தது. டேப்பை நிறுத்தினாள்.

"அவரா வந்தாரு? என்னாங்க கேட்டாரு?"

அருணகிரி சுற்றிக்கொண்டு அவளுடைய வலப்பக்கமாக வந்து நின்றான்.

"தண்ணி கேட்டாரு."

அவள் அவசரமாக எழுந்து, சொம்பைக் கழுவி, பானைத் தண்ணீரை மொண்டுகொண்டு வாசலுக்கு ஓடினாள். கார் போய்விட்டிருந்தது. சொம்போடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.