லீவரை நம்பி அடித்த அறுபத்திரண்டு அடி

புதுப்பட்டினத்தில் நாற்பத்தொரு வருடம் வண்டி மெக்கானிக் வேலை பார்த்தாயிற்று. இப்போது தரையில் படுத்தால் எழுந்திருக்க எனக்கு ஒரு நிமிடம் ஆகிறது. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக, போன மழைக்காலம் முடிந்ததும் நான் செய்த ஒரு தவறை எழுதி வைக்கிறேன்.

ஞாயிறு காலை ஆறரைக்குக் காதர் பாய் போன் செய்தார். கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆக்குபவர். அவருடைய பதினெட்டு வருடப் பழைய வேன் நகரவில்லை. உள்ளே நான்கு பெரிய தேக்சா அண்டா, அரிசி, அறுபது கிலோ கறி. ஒன்பது மணிக்குக் கேளம்பாக்கம் மண்டபத்தில் அடுப்பு மூட்டியாக வேண்டும்; ஒரு மணிக்கு முந்நூறு பேருக்குப் பந்தி.

போய்ப் பார்த்தால் பின்சக்கரம் இரண்டும் சுற்றவில்லை.

"பாய், மழையில ஹேண்ட்பிரேக் போட்டா நிறுத்தினீங்க?"

"ஆமா, மூணு மாசமா. அதான் இப்ப எறக்கிட்டனே, பாரு."

பாய் செங்கல்பட்டிலிருந்து வந்தவர். கடலோர உப்புக் காற்றில், சக்கரத்தின் டிரம்மை உள்ளிருந்து பிடிக்கும் பிரேக் ஷூ துருவேறி டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும் என்று இங்கே நாங்கள் கியரில் நிறுத்தி, டயருக்குக் கல் கொடுப்போம். அவருக்கு அது தெரியாது.

ஹேண்ட்பிரேக் லீவர் கீழேதான் இருந்தது. வெறும் துரு என்று முடிவு கட்டி, இடது சக்கரத்தைக் கழற்றி, ஆயில் அடித்து, டிரம் விளிம்பில் சுத்தியலால் வாய்விட்டு எண்ணியபடி தட்ட ஆரம்பித்தேன். பத்து, இருபது, நாற்பது.

"அண்ணாத்த, இன்னா எண்ணிகினு கீற? சீக்கிரம் கயட்டு. கறி வீணாப் பூடும்" என்றார் பாய்.

அறுபத்திரண்டாவது அடியில் டிரம் விரிசல் விட்டது.

அதற்குப் பிறகுதான் வேனுக்குக் கீழே படுத்தேன். ஹேண்ட்பிரேக் கேபிள் விறைப்பாக இருந்தது. லீவர் இறங்கியும், கேபிள் தன் உறைக்குள் துருப்பிடித்துத் திரும்பி வரவே இல்லை. ஷூ இன்னும் டிரம்மைப் பிடித்தபடிதான் இருந்தது. வலது சக்கரத்தையும் கழற்றி, அந்தப் பக்கக் கேபிளை ரம்பத்தால் அறுத்தேன். உள்ளே ஷூ விடுபட்டு 'டக்' என்றது. டிரம்மைக் கழற்றுவதற்கென்றே அதில் மரையோடு இரண்டு சிறிய துளைகள் உண்டு. அவற்றில் போல்ட் போட்டு மாற்றி மாற்றி முறுக்கினேன். ஏழாவது சுற்றில் வலது டிரம் தானாக வெளியே வந்தது.

"அப்ப கெளம்பலாமா?"

"இடது டிரம் உடைஞ்சிருக்கு பாய். இதோட அனுப்ப மாட்டேன்."

"ஒடச்சது யாரு?"

"நான்தான்."

பாய் ரோட்டுக்கு ஓடி மூன்று லோடு ஆட்டோக்களை நிறுத்தினார். தேக்சாக்களை நானும் ஒரு கை பிடித்து ஏற்றினேன். அடுப்பு மூட்டியது பத்து மணிக்கு மேல். பந்தி ஐம்பது நிமிடம் தாமதம்.

மறுநாள் வந்தார்.

"முந்நூறு பேரும் என்னத் திட்னானுங்க. அறுபத்திரண்டு வரிக்கும் எண்ணத் தெரிஞ்சுது. ஒரு தபா கீய பூந்து பாக்கத் தெரியலியா அண்ணாத்த?"

தெரியாமல் இல்லை. பழைய வண்டியில் லீவரை நம்பக் கூடாது, சுத்தியலைத் தொடுமுன் கேபிளை அசைத்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். படுத்தால் எழ ஒரு நிமிடம் ஆகுமே என்றுதான் படுக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காக முந்நூறு பேரை ஐம்பது நிமிடம் பசியோடு உட்கார வைத்தேன்.