சாம்பல் புதனன்று ஒரு வேவு

பாளையங்கோட்டையில் பஸ் ஏறும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. மகளுக்குப் பார்த்திருக்கும் திருப்பூர்ப் பையன் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து காலம் முழுக்கப் பகலில் உபவாசம், காலை மாலை வேதவாசிப்பு, ஜெபம் என்று தரகர் அளந்திருந்தார். தரகர் பேச்சில் பாதியைக் கழித்துவிடுவது என் வழக்கம். லெந்து தொடங்கும் சாம்பல் புதனன்று மாலை அவர்கள் வீட்டு ஜெபத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, காலையிலேயே போய் வேவு பார்க்கத் திட்டம்.

டிக்கெட் முந்நூறு ரூபாய். தாராபுரத்தில் விடிந்தது. நானும் உபவாசத்தைத் தொடங்கி ஜெபித்துக்கொண்டே வந்தேன். ஜெபத்தின் நடுவிலும் அவனை எப்படிப் பிடிப்பது என்ற யோசனைதான்.

பத்து மணிக்குத் திருப்பூர் ராயபுரம். அவன் கட்டிங் மாஸ்டராக இருக்கும் பனியன் கம்பெனிக்கு எதிரே டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்து கேட்டையே பார்த்தேன்.

"ஏனுங்க, யாரைப் பாக்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

சும்மா உட்கார்ந்தால் மாட்டிக்கொள்வேன் என்று ஒரு டீயும் வடையும் சொன்னேன். "கட்டிங் மாஸ்டர் இங்கே வருவாரா?"

"தெனமும் டீ குடிப்பாருங்க. இன்னைக்கு வேண்டாம்னுட்டாருங்க."

வேறு கடையில் குடித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் அவனே தூக்குப் பாத்திரத்தோடு வந்தான், மற்றவர்களுக்கு டீ வாங்க. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, பளிச்சென்ற முகம். உபவாசக்காரன் மூஞ்சியா இது? எட்டிப் பார்த்தேன். அவனும் பார்த்துவிட்டான்.

"வாங்க மாமா! எப்ப வந்தீங்க?"

என் ஒரு கையில் பாதி டீ, மறு கையில் கடித்த வடை. என் உபவாசம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போன மாதம் அவர்கள் பெண் பார்க்க வந்தபோது, எங்கள் உபவாசத்தைப் பற்றி அவ்வளவு பீற்றியிருந்தேன்! அவன் கண் வடையில் பட்டது, உடனே விலகியது. "ஊட்டுக்குப் போலாமுங்க மாமா, வெயிலு ஏறுது" என்று மட்டும் சொன்னான்.

மாலை ஜெபத்தில் அவன் வேதம் வாசித்தான். உபவாசம் இருப்பவன் முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் பூசி, பிறர் அறியாமல் இருக்க வேண்டும் என்கிற பகுதி. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஜெபிக்கக் கண்ணை மூடினால் வடைதான் தெரிந்தது.

பிறகு அவன் அம்மா கஞ்சிப் பானையோடு வந்தார். "காலைல இருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம இத்தனை தூரம் வந்திருக்கீங்களேண்ணா!" என்று உருகினார்.

நான் அவனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் என் மானம் போகும், சம்பந்தமும் போகும்.

"மாமா களைச்சிருப்பாருங்கம்மா. மொதல்ல அவருக்கு ஊத்துங்க" என்றான்.

எங்கள் ஊரில் யார் உபவாசம் என்பதை வாடிய முகமே சொல்லிவிடும். இவன் முகத்தில் நான் அதைத்தான் தேடியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து மனைவிக்குப் போன் செய்தேன்.

"பையனை நல்லா விசாரிச்சியளா?"

"விசாரிச்சாச்சு, சம்மதம்னு சொல்லிரு. நம்மள அவுக விசாரிக்காம இருந்தாச் சரி."