கடைவாய்ப் பல்லும் மேட்டு வீடும்

சுனாமி வந்துபோய்ச் சில வருடங்கள் கழித்து, லிட்டில் அந்தமானின் ஹட் பேயில் நடந்தது இது. அதுவரை தகர ஷெட்டில் வெந்துகொண்டிருந்த எங்களுக்கு நிரந்தர வீடுகள் தயாராகி, குலுக்கல் போட்டார்கள். அலைக்குப் பயப்படாதவர் எங்களில் யார்? எல்லோரும் வேண்டிக்கொண்டது மேட்டு வரிசையைத்தான்.

நான் எடுத்த சீட்டில் மேட்டு வீடே வந்தது. என் கணவர் குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே! எனக்கோ கொஞ்சம்கூட சந்தோஷம் இல்லை. காரணம், கடைவாய்ப் பல். பாதி மண்டை விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. அவர் ஆசையாக வைத்த பாயசம் வாயில் மண்ணாக இருந்தது. மேடாவது பள்ளமாவது, தலை சாய்க்க ஓர் இடம் போதும் என்றுதான் தோன்றியது.

இரு வீட்டாரும் சம்மதித்தால் மறுநாள் சாயங்காலத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். பக்கத்து ஷெட்டில் இருந்த பெங்காலி அம்மாவுக்குக் கடலோர வரிசை விழுந்திருந்தது. நாங்கள் தீதி, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தயங்கித் தயங்கி வந்து, வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"லே லோ தீதி, எடுத்துக்கோங்க" என்றேன்.

"என்னா புள்ள, சுனாமிய மறந்துட்டியா?" என்று கணவர் பதறினார்.

தீதி என் வீங்கிய கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெஹ்லே தாந்த் நிகல்வாவ், ஃபிர் போல்னா" என்றார். முதலில் பல்லைப் பிடுங்கு, அப்புறம் சொல் என்று அவரே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை வலி ஓய்ந்திருந்தது. மேட்டு வீட்டைப் போய்ப் பார்த்தேன். கடல் எங்கோ கீழே சாதுவாகக் கிடந்தது. அப்போதுதான், மெயின்லேண்ட் கப்பல் போல ஒரு நாள் தாமதமாக, சந்தோஷம் எனக்குள் வந்து சேர்ந்தது. புதுப் படியில் உட்கார்ந்து, பல் பிடுங்கிய வாயோடு தனியாகச் சிரித்தேன். இந்த வீட்டையா கொடுக்க இருந்தேன் என்று கதவை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

தீதியிடம் போய் நின்றேன். வீட்டை மாற்ற வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவரே சிரித்துக்கொண்டு, "மாலூம் தா" என்றார். எனக்கு அப்பவே தெரியும் என்கிறார். வலி போனால் நான் மறுப்பேன் என்று தெரிந்தேதான் கூட்டிப் போயிருக்கிறார்.

இன்றும் நிலம் லேசாக ஆடினால்கூட தீதி குடும்பம் எங்கள் வீட்டில்தான். என் மீன் குழம்பைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை சோறு வாங்குவார். வலியில் இருக்கும் ஒருவர் "சரி" என்று சொன்னால், எனக்கு எவ்வளவு லாபமானாலும், அதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்வதே இல்லை.