சங்கமித்ரா கழுவிய வில்லைகள்

சங்கமித்ராவின் மேசையில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தியிருந்து நான் பார்த்ததில்லை. பீன்யா தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் பரிசோதனைக்கூடத்தில் மாதிரிகளை வாங்கி வைப்பது என் வேலை. அவை உடம்புக்கு ஆகுமா ஆகாதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடையில் பொருத்தும் டைட்டானியத் திருகின் மேல், எலும்பு சீக்கிரம் பிடித்துக்கொள்ள ஒரு பூச்சு பூசுவார்கள். அந்தப் பூச்சு பூசிய சின்ன வில்லைகள் எங்களுக்கு வரும். வில்லையை இளஞ்சிவப்புத் திரவம் ஒன்றில் ஒரு நாள் ஊற வைத்து, அந்தத் திரவத்தை எலிச் செல்களின் மேல் ஊற்றுவாள். மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது செல்கள் தட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் பாஸ். உருண்டு மிதந்தால் பெயில்.

அவளுடைய சுத்தத்தை நான் விடாமல் கேலி செய்வேன். வீட்டில் கழுவிய டிபன் பாக்ஸை இங்கே வந்து மறுபடி கழுவிவிட்டுத்தான் திறப்பாள். "சோப்பே உன்னப் பாத்தா ஓடுது" என்பேன். ஒரு நாள் காரணம் சொன்னாள். நீலசந்திராவில் வளர்ந்தவள். அவள் அம்மா லட்சுமம்மா கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் தேய்த்தார். லீவு நாளில் அம்மாவோடு போன இவள், தாகம் தாங்காமல் அந்த வீட்டுக் குழாயைத் திறந்து குடித்திருக்கிறாள். அந்த வீட்டம்மா திட்டவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து, இவள் தொட்ட குழாயைக் கழுவிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"அன்னிலேர்ந்துதான் தாரணி. என்னை யாரும் ஒரு வார்த்த சொல்லிடக் கூடாது" என்றாள். அதன் பிறகு நான் சோப்புப் பேச்சை எடுப்பதில்லை.

நாகேஷ் எங்களிடம் வந்தது போன வருஷம். பீன்யாவிலேயே ஒரு ஷெட்டில் ஸ்கூட்டர் பாகங்களுக்கு முலாம் பூசுகிறவர். தன் ஷெட்டின் ஒரு மூலையில், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் பொருளை வைத்துப் பல் திருகுக்கு ஒரு பூச்சு செய்து பார்த்துக்கொண்டிருந்தார். பல வருஷ உழைப்பு. சோதனையில் பாஸானால் எடுத்துக்கொள்வதாக ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. கிருமி நீக்கி சீல் வைத்த பாக்கெட்டுகளை ஸ்வீட் பாக்ஸில் அடுக்கிக் கொண்டுவந்தார். நகக்கண்ணெல்லாம் கருப்பு. சங்கமித்ராவின் கையிலேயே கொடுத்து, "நல்லா பாத்து சொல்லுங்க மேடம், வாய்க்குள்ள போற சாமான்" என்றார்.

பெயில். ஒப்பிட்டுப் பார்க்க அவர் கூடவே கொடுத்திருந்த, பூச்சில்லாத வெறும் உலோக வில்லைகளில் செல்கள் நன்றாக இருந்தன. பூச்சு பூசியவற்றில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. ரிப்போர்ட் வாங்க வந்த நாகேஷ் சண்டை போடவில்லை. "எல்லாமே செத்துருச்சா மேடம்?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள்.

இந்த வருஷம் ஒரு கல்லூரியிலிருந்து மாணவிகள் வந்தார்கள். பாஸாவது எப்படி, பெயிலாவது எப்படி என்று அவர்களுக்குக் காட்டச் சொன்னார் எங்கள் மேலாளர் பாலசுப்ரமணியன். பெயிலுக்கு எங்கே போவது? நாகேஷின் பாக்கெட்டுகள் சில அலமாரியில் மிச்சம் இருந்தன. நிச்சயமாகச் சாகும் என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மாணவிகள் பார்க்க, விதிப்படி பாக்கெட்டைப் பிரித்து நேராகத் திரவத்தில் போட்டாள் சங்கமித்ரா. இரண்டு நாள் கழித்து மைக்ராஸ்கோப்பில் கண் வைத்த ரக்ஷிதா என்ற பெண் கேட்டாள்.

"மேடம், இதுல செத்தது எது?"

எதுவும் சாகவில்லை. சங்கமித்ரா வெகுநேரம் பார்த்தாள். மாணவிகள் போன பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"போன வருஷம் இவரு வில்லைகள நான் டெட்டால் மாதிரி ஒண்ணுல முக்குனேன் தாரணி. முக்கி, கழுவி, அப்புறந்தான் போட்டேன்."

சீல் வைத்து வந்ததை முக்கவே கூடாது. அந்தப் பூச்சு பஞ்சு மாதிரி கிருமிநாசினியை உறிஞ்சி வைத்துக்கொண்டிருக்கிறது. வெறும் உலோகத்தில் அது தங்கவில்லை. செல்களைக் கொன்றது பூச்சில்லை, இவள் சுத்தம். மீதி இருந்த வில்லையை மறுபடி முக்கிப் போட்டுப் பார்த்தாள். செத்தன. மேலாளர் கத்தித் தீர்த்துவிட்டு, திருத்திய ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். அதை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் நாகேஷின் ஷெட்டுக்கு நடந்தோம். பழக்கதோஷம் என்று சொல்லிவிடு, அதற்கு மேல் பேசாதே என்று வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பூச்சு வேலை நடந்த மூலையில் இப்போது ஹேண்டில்பார்கள் குவிந்திருந்தன. நாகேஷ் ரிப்போர்ட்டை நிதானமாகப் படித்தார்.

"அந்தக் கம்பெனி அப்பவே வேற ஆளப் பாத்துக்கிச்சு. மெஷினையும் வித்துட்டேன். பர்வாயில்ல, பூச்சு நல்ல பூச்சுதான்னு தெரிஞ்சுதே" என்றார். பிறகு, "ஆனா சீல் பண்ணித்தானே குடுத்தேன். ஏன் மேடம் முக்குனீங்க?"

நான் அவள் காலை மிதித்தேன். அவள் கேட்கவில்லை.

"உங்க கையப் பாத்தேன் சார். எல்லாருதையும் முக்க மாட்டேன். உங்களுது மட்டுந்தான் முக்குனேன்."

அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"உங்க ஆபீசுக்கு வரணும்னு, கல்லுல தேச்சுக் கழுவிட்டுத்தாம்மா வந்தேன். இது முலாங்கருப்பு. போகாது."

நாகேஷ் எங்களுக்கு டீ வரவழைத்தார். சங்கமித்ரா அந்தக் கிளாஸைத் துடைக்காமல் அப்படியே குடித்தாள். அதை அவர் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். பஸ் வரும்போது சொன்னாள்.

"அந்த வீட்டம்மா கழுவுனதுல குழாய்க்கு ஒண்ணும் ஆகல தாரணி. நான் கழுவுனதுல இவரு பல வருஷ உழைப்பு போச்சு."