ஈரத்துவாய் சுற்றிய ரேடியோ

பக்கத்து வீட்டு ரேடியோ இரைந்தது. உடனே நான் மனதால், சின்ன வயதில் தண்ணீரூற்று ஊரில் இருந்த வீட்டுக் குசினி அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே சித்தப்பா, தன்னைப் பற்றியே கதைக்கிறதென்று ரேடியோவுக்கு ஈரத்துவாய் சுற்றுவார்.

"உனக்கும் கேக்குதோடா?" என்பார்.

எனக்கு இரைச்சல் மட்டும்தான் கேட்கும்.

வருகிறவர்கள் என் தாடையைப் பிடித்து, "சித்தப்பனை உரிச்சு வச்சிருக்கு!" என்பார்கள். அம்மாவின் அகப்பை பானைக்குள்ளேயே நின்றுவிடும்.

சித்தப்பாவுக்கு வந்த மனச்சிதைவு பரம்பரையிலும் வரலாம், ஆனால் உறவினர் பலருக்கு வருவதேயில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குச் சித்தப்பாவின் மூக்கு வந்துவிட்டது, நடையும் வந்துவிட்டது. மிச்சம் எப்போது வருமென்று காவலிருக்கிறேன். எந்தச் சத்தத்துக்கும் மனைவிதான் சாட்சி.

"உமக்கும் கேக்குதோ?"

"ஓமப்பா, ரேடியோதான் இரையுது. போய்ச் சாப்பிடுங்கோ."

இன்றைக்கும் தப்பினேன். தொட்டிலில் மகள் தும்மினாள், சித்தப்பாவின் மூக்கால்.